ரெண்டு விசில்

நவம்பர் 21, செவ்வாய். தொட்டிமலை

இந்த நோட்டு என் மகள் நிறைமதி வாங்கிக் கொடுத்தது. ஐந்து நாள் மலை நடைக்கு என் பெயரைப் பதிந்ததும் அவள்தான். போன மாதம் சர்க்கரை முந்நூற்று நாற்பது என்று ரிப்போர்ட் வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் நான் அப்பா இல்லை, பேஷண்ட். "தெனமும் நடந்ததை ஒண்ணுவிடாம எழுதிட்டு வாங்கப்பா. வந்ததும் நான் வாசிப்பேன், ஏமாத்தக் கூடாது" என்று கண்டிஷன் வேறு. இருபத்தெட்டு வருஷமாக டிரிப் ஷீட் எழுதுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

கொடைக்கானலில் இறங்கி ஜீப்பில் மேல்மலைக்கு வரும்போதே மழை பிடித்துவிட்டது. வங்கக் கடலில் என்னமோ காற்றழுத்தமாம். "இந்த மழையில நடக்கவா வந்தீக?" என்று ஜீப் டிரைவர் கேட்டார். எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

நாங்கள் நாலு பேர். யாரும் யாரையும் முன்னே பின்னே பார்த்ததில்லை. குழுவை நடத்துகிறவர் ரெஜினா, திருச்சியில் பல் டாக்டர். அவர் அதட்டுகிற அதட்டில் நாமே வாயைத் திறந்து காட்டிவிடுவோம். அடுத்து சென்னியப்பன், கோபிச்செட்டிபாளையத்து மஞ்சள் வியாபாரி. இமயமலையில் நடந்தவராம், அதை இதுவரை மூன்று தடவை சொல்லிவிட்டார். அப்புறம் இளம்பரிதி, தாம்பரத்தில் கம்ப்யூட்டர் வேலை, முப்பத்தாறு வயது, நூறு கிலோவுக்குக் குறையாது. வழிகாட்டி சிங்கராயர் இந்த ஊர்க்காரர். பதினாறு வருஷமாக இந்த வழியில் ஆட்களைக் கூட்டிப் போகிறாராம். வனத்துறை கொடுத்த வழிகாட்டி அட்டையை பிளாஸ்டிக் உறை போட்டுக் கழுத்தில் மாட்டியிருக்கிறார். பேச்சு குறைவு.

அறிமுகம் சொல்லும்போது நான், "தவமணி, போக்குவரத்துத் துறையில இருக்கேன்" என்றேன். ஏதோ அதிகாரி என்று நினைத்துக்கொள்ளட்டுமே என்றுதான். பத்து நிமிஷம்கூட நிலைக்கவில்லை. துண்டை எடுக்கும்போது பையிலிருந்து விசில் கீழே விழுந்தது. பரிதி பார்த்துவிட்டான். "அண்ணா, நீங்க கண்டக்டரா? செமண்ணா!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினான். டாக்டரம்மா முன்னால் எனக்கு முகம் சுண்டிப்போச்சு. சோறு போடுகிற வேலையை மறைத்தேனே, எனக்கு நல்லா வேண்டும்.

ஆனால் அந்த விசிலால் ஒரு மரியாதை வந்தது. "மஞ்சு மூட்டம் இறங்கிட்டா முன்னாடி போற எனக்குப் பின்னாடி இருக்குறது தெரியாது சார். கடைசி ஆளு ஒருத்தரு தகவல் சொல்லணும்" என்றார் சிங்கராயர். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "அப்ப தவமணி சார்தான் கடைசி. பஸ்ல மாதிரியே வச்சுக்கலாம். ஒரு விசில்னா நில்லு. ரெண்டுன்னா எல்லாரும் வந்தாச்சு, போகலாம்." ஒவ்வொரு ஓடை தாண்டியதும் நான் தலையை எண்ணி ரெண்டு அடித்தால்தான் சிங்கராயர் அடுத்த அடி வைப்பார். ஐந்து பேரையும் என் கையில் கொடுத்துவிட்டார்கள். அட, இதுக்கா கூச்சப்பட்டோம் என்று இருந்தது.

நவம்பர் 22, புதன். கருங்காட்டூர் சமுதாயக்கூடம்

பதினான்கு கிலோமீட்டர். மழை விடவேயில்லை. சோலைக்காட்டுக்குள் அட்டைப்பூச்சி. சிங்கராயர் எல்லோர் காலிலும் வேப்பெண்ணெயில் புகையிலையைக் குழைத்துத் தேய்த்துவிட்டார். அப்படியும் என் கணுக்காலில் ஏழு. இமயமலை சென்னியப்பனுக்குப் பதினொன்று. "அங்கெல்லாம் இந்தச் சனியனே கிடையாதுங்க" என்றார்.

பரிதி என் முன்னால் நடக்கிறான். நடக்கிறானா, பேசுகிறானா என்று கேட்க வேண்டும். அவனுக்குப் பஸ் என்றால் உயிராம். எந்த ஊருக்கு எந்த டிப்போ வண்டி, எந்த வருஷம் எந்த மாடல் என்று எல்லாம் தெரிகிறது. சின்ன வயதில் கண்டக்டர் ஆகப் போகிறேன் என்று சொன்னதற்கு அவன் அப்பா பெல்ட்டால் அடித்தாராம். "ஃபுட்போர்டுல நின்னுக்கிட்டு, கையில டிக்கெட்டு, வாயில விசிலு, அப்படியே கூட்டத்துக்குள்ள பூந்து வருவாங்களேண்ணா, அதுக்கு ஈடு எதுவும் இல்லண்ணா" என்றான். எனக்கு அப்படி யாரும் சொன்னதில்லை. என் மகள்கூட காலேஜில் 'அப்பா கவர்மெண்ட் வேலை' என்றுதான் சொல்வாள்.

உள்ளே சந்தோஷம்தான். வெளியே, "வாயை மூடிக்கிட்டு மூச்சை மிச்சம் பிடி தம்பி" என்றேன்.

அவனால் நாங்கள் ஒன்றரை மணி நேரம் லேட்.

நவம்பர் 23, வியாழன். காட்டுக் குடிசை

புல்வெளியில் காற்று ஆளைத் தள்ளுகிறது. குடையை விரித்த சென்னியப்பன் வெறும் கம்பியோடு குடிசை வந்து சேர்ந்தார். நனைந்த ஜட்டியை உலர்த்த இடமில்லாமல் எல்லோரும் போட்டதையே போட்டுக்கொண்டு இருக்கிறோம். மகள் வாசிக்கும் நோட்டில் இதையெல்லாம் எழுதலாமா? எழுதியாச்சு.

பரிதி நூறு அடிக்கு ஒரு தடவை நிற்கிறான். நான் பின்னால் நிற்க வேண்டியிருக்கிறது. முன்னால் போனவர்கள் பாறைக்கடியில் ஒதுங்கி டீ குடித்து முடித்து, எங்களுக்காகக் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்கிறார்கள். சென்னியப்பன் என்னிடம், "ஏனுங்க கண்டக்டர், உங்க வண்டி எப்பவும் இப்படித்தான் ஓடுமுங்களா?" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. இருபத்தெட்டு வருஷத்தில் என் வண்டி லேட் என்று ஒரு மெமோ கிடையாது.

"ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு நிக்க இது என்ன டவுன் பஸ்ஸா?" என்று பரிதியிடம் எரிந்து விழுந்தேன். அவன் சிரித்தான். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தொடை இரண்டும் உரசி உரசித் தோல் வழன்று ரத்தம் வருகிறது என்று சொன்னான். ஈரப் பேண்ட் அறுக்கிறதாம். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் கொஞ்ச தூரம் தாங்குமாம். "டாக்டர் மேடம்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கண்ணா, அசிங்கமா இருக்கும். உங்ககிட்ட சொல்லலாம்னு தோணுச்சு."

சொல்லவில்லை. ஆனால் 'சரி, பார்த்து நட' என்றுகூட அவனிடம் சொல்லவில்லை.

நவம்பர் 24, வெள்ளி

பரிதியைக் காணவில்லை. மழை.

நவம்பர் 25, சனி. மேலூசிமலை

பரிதி கிடைத்துவிட்டான். உயிர் இருக்கிறது.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். நேற்று பதினொன்றரை மணிக்கு நரிக்குடிச்சான் ஓடையைத் தாண்டினோம். முழங்கால் தண்ணீர், இழுப்பு ஜாஸ்தி. பத்தடி தள்ளி இருப்பவர் முகம் தெரியாத அளவுக்கு மஞ்சு. சிங்கராயர், டாக்டரம்மா, சென்னியப்பன் தாண்டிப் போய்விட்டார்கள். பரிதி கொஞ்சம் பின்தங்கியிருந்தான். நான் தாண்டி ஒரு விசில் அடித்தேன். ஒன்றுதான். நில்லு என்று அர்த்தம். மழைச் சத்தத்தில் சிங்கராயருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. அவர் பாட்டுக்கு நடந்துவிட்டார். பரிதி பின்னால் வருகிறான் என்று நினைத்து நானும் நடந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து மேட்டில் நின்று சிங்கராயர் எண்ணினார். பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் வந்த வழியே ஓட ஆரம்பித்தார்.

நாங்கள் போய்ச் சேரும்போது ஓடையில் இடுப்பளவு தண்ணீர். அவர் ஒரு மரத்தில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு தனியாகத் தாண்டிப் போனார். "பரிதி சார்! பரிதி சார்!" என்று அவர் கூப்பிடுவது மஞ்சுக்குள் தூரம் போய்த் தூரம் போய் நின்றுவிட்டது. சாயங்காலம் திரும்பி வந்தவர் எங்கள் மூன்று பேரையும் மேலூசிமலையில் கொண்டுபோய் விட்டுவிட்டு, ஊர் ஆட்கள் எட்டுப் பேரோடு மறுபடியும் கிளம்பிவிட்டார். ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை.

இன்று காலை எட்டு மணிக்குக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஓடைக்கு மேலே அரை கிலோமீட்டரில், ஒரு பாறை இடுக்கில். கணுக்கால் எலும்பு முறிந்து, உதடு நீலம் பாரித்து, பேச்சு இல்லாமல். கம்பளியில் டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தேன். கண் பாதி திறந்திருந்தது. நான் யார் என்று தெரிந்ததா என்று தெரியவில்லை. தெரியாமல் இருந்தால் தேவலை என்று தோன்றியது. மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். டாக்டரம்மா கூடப் போனார்.

ஒரு விசில்தான் அடித்தேன்.

நவம்பர் 26, ஞாயிறு. மேலூசிமலை

வனத்துறை ரேஞ்சர் வந்து விசாரித்தார். மரியாதையான மனிதர். முதலில் என்னைக் கேட்டார்.

"கடைசி ஆள் நீங்கதானே? நீங்க என்ன சிக்னல் குடுத்தீங்க?"

"ஒரு விசில் சார்."

"ஒண்ணுன்னா நிக்கணும். அப்படித்தானே?"

"ஆமா சார்."

சென்னியப்பன், "மழைக்கோட்டுக் குல்லாய் காதை மூடியிருந்துச்சுங்க, எனக்குச் சரியாச் சொல்லத் தெரியலைங்க" என்றார். டாக்டரம்மாவும் போனில் அப்படித்தான் சொன்னாராம்.

பிறகு சிங்கராயர். "நிக்கச் சொல்லி விசில் அடிச்சிருக்காரு. நீ ஏன்யா நிக்கல?"

சிங்கராயர் என்னைப் பார்த்தார். நான் ரேஞ்சரின் பூட்ஸைப் பார்த்தேன்.

"மழைச் சத்தத்துல சரியாக் கேக்கல போல சார். என் தப்புதான்."

ரேஞ்சர் கையை நீட்டினார். சிங்கராயர் கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றிக் கொடுத்தார். கயிறு காதில் மாட்டிக்கொண்டது. அதை எடுத்துவிட அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ரேஞ்சர் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டேன்.

நவம்பர் 27, திங்கள்

மதுரை வீடு. காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

நவம்பர் 28, செவ்வாய்

நிறைமதி காலேஜிலிருந்து வந்ததும், "அப்பா, நோட்டு எங்க?" என்றாள். நனைந்து எழுத்தெல்லாம் கலைந்துவிட்டது, காய வைத்திருக்கிறேன் என்றேன். நனையவில்லை. பீரோவில் வேட்டிக்கு அடியில் இருக்கிறது. பாவம் அந்த அண்ணன், நல்லவேளை நீங்க கூட இருந்தீங்க என்றாள். சாப்பாடு இறங்கவில்லை. சர்க்கரை நூற்று அறுபதுக்கு இறங்கியிருக்கிறது. நடந்தது நல்லது என்று டாக்டர் பாராட்டினார்.

நவம்பர் 30, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாமல் இருந்தால்தான் சந்தேகம் வரும் என்று போனேன். இதுதான் நிஜம்.

பரிதி உட்கார்ந்திருந்தான். காலில் மாவுக்கட்டு. அவன் அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "இவன் கண் முழிச்சதிலேர்ந்து கண்டக்டர் அண்ணா, கண்டக்டர் அண்ணான்னு உங்க பேச்சுத்தான்" என்றார். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். வாங்கித் தின்றேன். எப்படித் தின்றேன் என்று தெரியவில்லை.

அந்த அம்மா மாத்திரை வாங்க வெளியே போனதும் பரிதி கேட்டான்.

"அண்ணா, நீங்க ஒரு விசில்தான் அடிச்சீங்களாமே? டாக்டர் மேடம் சொன்னாங்க."

நான் ஆரஞ்சுத் தோலைப் பொறுக்கினேன்.

"எனக்கு ரெண்டு கேட்டுச்சுண்ணா. நல்லா ஞாபகம் இருக்கு. அது மேல் பக்கத்துலேர்ந்து வர்ற மாதிரி இருந்துச்சு, அதான் அங்க ஓடுனேன், வழுக்கிட்டேன். இவங்கல்லாம் குளிர்ல மூளை கலங்கிப்போயிருக்கும்னு சொல்றாங்க. நானும் யோசிச்சுப் பார்த்தேன். அதான் சரி. ஏன்னா நான் ஏறாம நீங்க ரெண்டு அடிக்க மாட்டீங்க. எனக்குத் தெரியாதா?" சிரித்தான். "கலங்கிடுச்சுண்ணா. ராத்திரி கண்ணை மூடுனா இப்பவும் அந்த ரெண்டு விசில் கேக்குது. பைத்தியம் புடிச்சிடுமோன்னு பயமா இருக்கு. சிங்கராயர் அண்ணன் பொழப்பு வேற என்னால போச்சு. நின்ன எடத்துல நின்னிருக்கணும்."

அப்போது சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாரும் இல்லை. என் வாயிலிருந்து வந்தது இது:

"ஆமா தம்பி. குளிர்ல அப்படித்தான் கேக்கும்."

டிசம்பர் 1, வெள்ளி

ஒன்று இல்லை. இரண்டு.

மதி, நீ இதை வாசிக்கத்தான் போகிறாய். நீ வாசிப்பாய் என்றுதான் இத்தனை நாள் இதிலும் பொய் எழுதினேன். டிக்கெட் செக்கரிடம் பொய் சொல்கிறவனைப் பார்த்திருக்கிறேன். சொந்த நோட்டில் பொய் எழுதுகிற நாயைப் பார்த்ததில்லை.

ஓடைக் கரையில் பரிதி என்னிடம், "அண்ணா, ரெண்டு நிமிஷம், எண்ணெய் தடவிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் பாறைக்குப் பின்னால் போனான். நான் நின்றேன். ரெண்டு நிமிஷம் ஐந்து நிமிஷம் ஆனது. எனக்குக் குளிரில் பல் கிட்டியது. அக்கரையில் சென்னியப்பன், "ஏனுங்க, என்னாச்சுங்க?" என்று கத்தினார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. இந்தத் தடியனால் எனக்குக் கெட்ட பேர் என்று நினைத்தேன். ஓடையைத் தாண்டினேன். பின்னால் திரும்பிப் பார்த்தேன், அவன் இல்லை. இல்லை என்று தெரிந்துதான் ரெண்டு அடித்தேன்.

எங்கள் தொழிலில் அப்படி ஒரு பழக்கம் உண்டு. பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்க இறங்கினவன் லேட் பண்ணினால் ரெண்டு விசில் கொடுப்போம். வண்டி நகர்ந்ததும் அலறி அடித்துக்கொண்டு ஓடிவந்து ஏறிவிடுவான். அவனைத் திட்ட வேண்டியதில்லை, விசிலே திட்டிவிடும். வண்டிக்குள் எல்லோரும் சிரிப்பார்கள். எத்தனை பேரை அப்படி ஓட விட்டிருக்கிறேன். ஒருத்தரும் விழுந்ததில்லை, அதாவது நான் பார்த்ததில்லை. இவனும் விசில் சத்தம் கேட்டால் பேண்ட்டை இழுத்துக்கொண்டு ஓடிவருவான், கொஞ்சம் புத்தி வரட்டும் என்று நினைத்தேன். அவனுக்குத் தொடை கிழிந்திருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அப்படியும் நினைத்தேன்.

அப்புறம் ஒரு மணி நேரம் நடந்தேன். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்து அவன் இல்லாவிட்டால் மறுபடியும் ஒரு விசில் அடித்து எல்லோரையும் நிறுத்த வேண்டுமே, என்ன சொல்லி நிறுத்துவது என்று வெட்கம்.

டிசம்பர் 4, திங்கள். தொட்டிமலை

முதல் பஸ்ஸில் கிளம்பி மலைக்கு வந்தேன்.

சிங்கராயர் கேரட் மூட்டை சுமந்துகொண்டிருந்தார். லாரிக்கும் தோட்டத்துக்கும் நடுவில் சேறு. என்னைப் பார்த்தும் நிற்கவில்லை. நாலு மூட்டை ஏற்றி முடிக்கும்வரை ஓரமாக நின்றேன். பிறகு சொன்னேன். ரெண்டு அடித்தேன், அவன் வரவில்லை என்று தெரிந்தே அடித்தேன், இப்போது ரேஞ்சரிடம் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றேன். அவர் தலையில் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்து உதறினார்.

"ரெண்டுன்னு எனக்குத் தெரியும் சார். காது நல்லாத்தான் கேக்கும் எனக்கு."

"எனக்காக நீங்க பழியை ஏத்துக்கிட்டீங்க. இதை நான் சாகுற வரைக்கும்..."

"உங்களுக்காகவா?" அப்போதுதான் அவர் குரல் உயர்ந்து கேட்டேன். "நீங்க யாரு எனக்கு? மாமனா மச்சானா? நான் ரெண்டுன்னு சொல்லிருந்தா என்ன ஆயிருக்கும்? நீங்க கவர்மெண்டு ஆளு, அந்தம்மா டாக்டரு, அவரு யாவாரி. உங்க மூணு பேருக்கு நடுவுல என் பேச்சு எடுபடுமா? தப்புப் பண்ணிட்டான்னு சொன்னா, மழைக்குள்ள ஏதோ ஆயிப்போச்சும்பாங்க. தப்பிக்கப் பொய் சொல்றான்னு பேராயிட்டா, அப்புறம் இந்த மலையில எவன் சார் என் பின்னாடி நடப்பான்? அதை யோசிச்சுத்தான் வாயை மூடுனேன். நீங்க நல்லா இருக்கணும்னு இல்ல."

நான் கும்பிட்டேன். "கையை இறக்குங்க, ஆளுக பாக்குறாக" என்றார். பிறகு, "அந்த ஓடையில ரெண்டு விசில் கேட்டாலும் நானும் ஒருவாட்டி திரும்பி எண்ணியிருக்கணும். அது என் தப்பு. அதை நான் பாத்துக்கிறேன். உங்களதை நீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டைக்குக் குனிந்தார்.

ரேஞ்சரிடம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை வாசித்தார். "இப்ப எதுக்கு வந்து சொல்றீங்க?" என்று கேட்டார். தூக்கம் வரவில்லை என்றேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. சிங்கராயரின் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்களாம், ஒரு வாரம் ஆகுமாம். என் டிப்போவுக்கும் ஒரு கடிதம் போகலாம் என்றார். போகட்டும் என்றேன்.

டிசம்பர் 5, செவ்வாய். மதுரை

டாக்டரம்மாவுக்கும் சென்னியப்பனுக்கும் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். டாக்டரம்மா, "எனக்கும் ரெண்டு கேட்ட மாதிரிதான் இருந்துச்சு சார். உறுதியா தெரியாம எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன். அந்தப் பையன்கிட்ட போய் உனக்கு மூளை கலங்கிடுச்சுன்னு வேற சொன்னேன்" என்றார். சென்னியப்பன், "முடிஞ்சு போனதுங்க, விடுங்க" என்றார்.

நோட்டை நிறைமதி கையில் கொடுத்தேன். அடுத்த அறையில் உட்கார்ந்து வாசித்தாள். பக்கம் திருப்புகிற சத்தம் ஒவ்வொன்றும் எனக்குக் கேட்டது. டிசம்பர் நாலாம் தேதி வரை வாசித்து முடித்து வந்து, "பரிதி அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களாப்பா?" என்றாள். இல்லை என்றேன். நோட்டை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அப்பா என்று அவள் கூப்பிட்டதே பெரிய விஷயம்.

பரிதியை அவன் அம்மா தாம்பரத்துக்குக் கூட்டிப் போய்விட்டார். போன் பண்ணினேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"அண்ணா! நானே கூப்பிடணும்னு இருந்தேன். வாக்கர் வச்சு நாலடி நடந்துட்டேன்ணா!"

நான் சுற்றி வளைக்கவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னேன். ரெண்டு விசில். நீ வரவில்லை என்று தெரிந்தே அடித்தேன். உனக்குக் கேட்டது சரி. உன் மூளை கலங்கவில்லை. ஆஸ்பத்திரியில் உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு உன்னைப் பைத்தியமாக்கினேன்.

அந்தப் பக்கம் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

"அப்ப எனக்குச் சரியாத்தான் கேட்டுச்சு" என்றான்.

"ஆமா தம்பி."

"பத்து நாளா ராத்திரி தலைகாணியை வச்சுக் காதை அமுக்கிக்கிட்டுப் படுக்கறேன்ணா." குரல் உடைந்தது. "சிங்கராயர் அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும். நேத்துப் போயிருந்தேன்."

"ரேஞ்சருக்கு?"

"எழுதிக் குடுத்துட்டேன்."

"டாக்டர் மேடத்துக்கு?"

"காலையில சொன்னேன்."

"அப்ப எல்லாருக்கும் சொல்லிட்டு, கடைசியா எனக்கு." என்றான். "இதுலயும் நான்தான் கடைசியாண்ணா?"

மன்னிச்சிரு என்று சொல்ல வாய் எடுத்தேன், வரவில்லை. அவனும் பேசவில்லை. போனையும் வைக்கவில்லை. அவன் அழுகிறானா, வெறுமனே மூச்சு விடுகிறானா என்று தெரியவில்லை. நாற்பது நிமிஷம் ஆகிறது. ஒரு கையால் போனைக் காதில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கை மரத்துப்போச்சு. அவன் வைக்கிறவரை நான் வைக்க மாட்டேன்.